மாலைக்குள் சோலை வந்தால் சாப்பாடு: இந்தக் குறுக்கெழுத்துக் குறிப்பை யாராவது விளக்குங்கள்

உறையூர் மகள் (கேள்வி)

வணக்கம். என் அப்பா ஓய்வுபெற்ற தமிழாசிரியர். வயது 76. வலது கண்ணில் கண்புரை அறுவை முடிந்து இன்றோடு 11 நாள் ஆகிறது. புதுக் கண்ணாடி வாங்க இன்னும் மூன்று வாரம் போக வேண்டுமாம். அதுவரை எழுத்தெல்லாம் தண்ணீரில் நனைந்த தாள்போல் தெரிகிறது என்கிறார். நாளுக்கு நான்கு மணி நேரம் படித்துப் பழகிய மனிதர் சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

அவருடைய பழைய மாணவர் ஒருவர், இப்போது புதிர் அமைப்பதில் ஈடுபாடு கொண்டவர், கையால் கட்டம் வரைந்து ஒரு குறுக்கெழுத்தை அனுப்பினார். வாரப் பத்திரிகையில் வரும் வழக்கமான குறுக்கெழுத்தை அப்பா பத்து நிமிடத்தில் முடிப்பார். இது அப்படி இல்லை. குறிப்பு ஒன்று சொல்கிறது, விடை வேறெங்கோ இருக்கிறது. நான் குறிப்பை உரக்கப் படிக்கிறேன், அப்பா கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறார், கட்டத்தை நான் நிரப்புகிறேன். மூன்று நாளாக இதுதான் எங்கள் மாலைப் பொழுது.

சில குறிப்புகள் வசப்பட்டன (அடைப்புக்குள் இருப்பது விடையின் எழுத்து எண்ணிக்கை). 'பசுவுக்கு மை தீட்ட, மெல்ல நடக்கும் பிராணி (2)' என்று படித்த மாத்திரத்தில், "ஆ என்றால் பசு. ஆவும் மையும் சேர்ந்தால் ஆமை" என்றார். 'கொடு என்றதும் மான் வர, தடாகத்தில் பூத்தது (3)' என்பதற்கு ஐந்து நிமிடம் ஆனது. தா, மரை. மரை ஒரு மான் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். தாமரைக்குள் இத்தனை காலம் ஒரு மான் நின்றிருக்கிறது!

ஒரு குறிப்பில் மட்டும் நடந்ததை விரிவாகச் சொல்ல வேண்டும். 'நமக்காக வரிசையில் சாமரம் (3)'. நான் அதைக் காலையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். வரிசை, அரசவை, சேடியர் என்று எங்கெங்கோ போனேன். அப்பா இரண்டாவது முறை படிக்கச் சொன்னார். களைப்பில் இடைவெளி விடாமல் வேகமாகப் படித்துவிட்டேன். "நமக்காகவரிசையில்." அப்பா கையை உயர்த்தினார். "நிறுத்து. நடுவில் கவரி என்று சொன்னாயே?" நான் சொல்லவே இல்லை. பிறகு தாளைப் பார்த்தால், நமக்கா-கவரி-சையில். சொற்களுக்கு நடுவிலிருந்த வெற்றிடம் என் கண்ணை மறித்திருக்கிறது. அவருக்கு அந்த வெற்றிடமே இல்லை.

இப்போது மூன்று இடத்தில் நிற்கிறோம்.

முதலாவது, 3 குறுக்கு: 'மாலைக்குள் சோலை வந்தால் சாப்பாடு (4)'. கடைசிக் கட்டத்தில் 'ம்' என்பது மட்டும் உறுதி. மாலை என்றதும் அப்பா அந்தி, எற்பாடு என்று பொழுதுகளை வரிசைப்படுத்தினார். ஒன்றும் பொருந்தவில்லை. போசனம் என்று போட்டுப் பார்த்தோம், ஆனால் அதில் மாலையும் இல்லை, சோலையும் இல்லை.

இரண்டாவது, 7 நெடுக்கு: 'கபடம் கலைய முழங்கியது (4)'. முரசம் என்றார் அப்பா. நான்கு கட்டம் சரியாக இருக்கிறது. ஆனால் கவரியின் 'க' இதன் மூன்றாம் கட்டத்தில் வந்து நிற்கிறது.

மூன்றாவது, 'எந்தப் பக்கம் போனாலும் காவிரி பிறந்த மண் (3)'. குடகு என்று எழுதிவிட்டோம், குறுக்கே வரும் எழுத்துகளும் ஒத்துப்போகின்றன. ஆனால் 'எந்தப் பக்கம் போனாலும்' எதற்கு என்று புரியவில்லை. காரணம் தெரியாமல் எழுதிய விடையை அப்பா விடை என்று ஒப்புக்கொள்ள மாட்டார்.

விடையை மட்டும் சொல்லிவிடாதீர்கள். வழியையும் சொல்லுங்கள்.

பழைய அச்சுக்கோப்பாளர் (பதில்)

உங்கள் அப்பாவுக்கு என் வணக்கம், அம்மா. காதால் கவரியைப் பிடித்தார் என்று படித்ததும் எனக்குச் சிலிர்த்துவிட்டது. நான் பதினைந்து ஆண்டு அச்சகத்தில் ஈய எழுத்துப் பொறுக்கிக் கோத்தவன். எழுத்தைச் சொல்லாகப் பார்க்காமல் துண்டு துண்டாகப் பார்ப்பது எங்களுக்குத் தொழில். அதனால்தான் இந்த வகைப் புதிரில் விழுந்து இன்றுவரை எழவில்லை.

முதலில் அடிப்படை. இத்தகைய குறிப்பு ஒவ்வொன்றும் இரண்டு துண்டு. ஒரு துண்டு விடையின் நேரடிப் பொருள். அது குறிப்பின் தலையில் இருக்கும் அல்லது வாலில் இருக்கும், நடுவில் ஒருபோதும் இருக்காது. மற்றத் துண்டு அந்த விடையை எழுத்தெழுத்தாகக் கட்டும் வழி. இரண்டும் ஒரே வாக்கியமாகத் தைக்கப்பட்டிருப்பதால் தையல் தெரிவதில்லை. அந்தத் தையலைக் கண்டுபிடித்தால் பாதி வேலை முடிந்தது.

'மாலைக்குள் சோலை வந்தால் சாப்பாடு.' தலையிலா வாலிலா? வாலில், 'சாப்பாடு'. மிச்சம் 'மாலைக்குள் சோலை'. உங்கள் அப்பாவைத் திசை திருப்பியது 'வந்தால்' என்ற சொல். பொழுது சாய்வதற்குள் சோலைக்கு வந்து சேர்ந்தால் சாப்பாடு கிடைக்கும் என்று ஒரு பயணக் காட்சி மனத்தில் எழுந்துவிடுகிறது. காட்சியை அழித்துவிடுங்கள். 'உள்' என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். மாலை என்ற பொருள் தரும் ஒரு சொல்லுக்கு உள்ளே, சோலை என்ற பொருள் தரும் சொல்லைச் செருக வேண்டும். மாலை பொழுதாக இருக்க வேண்டியதில்லை. கழுத்தில் போடுவதும் மாலைதான். அதற்கு மூன்று எழுத்தில் ஒரு சொல் உண்டு. சோலைக்கு ஒரே எழுத்தில் ஒரு சொல் உண்டு. இனி அப்பாவிடம் விட்டுவிடுங்கள். விடையை இந்தப் பதிலின் கடைசியில் எழுதியிருக்கிறேன். வேண்டாமென்றால் அங்கே போகாதீர்கள்.

ஓரெழுத்துச் சொற்களைத் தமிழாசிரியருக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. நன்னூல் 42 எண்ணுகிறது. ஆ பசு, ஏ அம்பு, கா சோலை, கோ அரசன், சோ மதில், வீ மலர், ஊ இறைச்சி. தேர்வுக்கு மனப்பாடம் செய்துவிட்டு மறந்துபோன அந்தப் பட்டியல்தான் தமிழ்ப் புதிரின் செங்கல் குவியல். ஒரு கட்டத்துக்குள் ஒரு முழுச் சொல் அடங்கிவிடுகிறது. அச்சகத்தில் 'கோ' என்பதற்குக் கொம்பு, க, கால் என்று தனித்தனித் துண்டுகளை எடுத்து அடுக்கியிருக்கிறேன்; புதிரில் அது ஒரே கட்டம்.

அடுத்து 'கபடம் கலைய முழங்கியது'. இது மிக நல்ல குறிப்பு. 'முழங்கியது' என்பதை நீங்கள் வினைமுற்றாகப் படித்தீர்கள். அதுவே வினையாலணையும் பெயரும் ஆகும்: முழங்கிய பொருள். அதாவது ஒரு பறை. உங்கள் தாமரைக் குறிப்பில் வந்த 'பூத்தது' கூட அதே உத்திதான், கவனித்தீர்களா? வாக்கியத்தில் வினையாகவும் விடைக்குப் பெயராகவும் ஒரே சொல் நிற்கிறது. ஓர் எழுத்தும் மாற்றாமல், ஒரு பொய்யும் சொல்லாமல் வாசகரைத் திசைதிருப்பத் தமிழ் இலக்கணம் தந்திருக்கும் இந்த வசதியை நினைத்தால் எனக்கு இன்றும் மகிழ்ச்சி பொங்குகிறது.

முரசம் என்று அப்பா சொன்னது பொருளளவில் சரிதான். ஆனால் 'கபடம் கலைய' என்ற பாதி வீணாகிவிடுகிறது. கலைய என்றால் எழுத்துகளைக் கலைத்துப் போடு. க, ப, ட, ம் என்று நான்கு அட்டைத் துண்டுகளில் எழுதி மேசையில் பரப்புங்கள். அப்பாவுக்குக் கண் தெரியாவிட்டாலும் பெரிதாக எழுதினால் போதும்.

இப்போது அகராதியே இல்லாமல் விடை வருவதைப் பாருங்கள். மூன்றாம் கட்டத்தில் 'க' உறுதி. மிச்சம் ப, ட, ம். மெய்யெழுத்து சொல்லின் முதலில் வராது, ஆகவே 'ம்' முதல் கட்டத்தில் இல்லை. இரண்டாம் கட்டத்தில் வைத்தால் 'ம்' பக்கத்தில் 'க' வருகிறது. ஒரு சொல்லுக்குள் அந்த மயக்கம், அதாவது அந்த எழுத்துச் சேர்க்கை, இல்லை. ஆகவே 'ம்' கடைசியில். 'ட' தமிழ்ச் சொல்லின் முதலில் வராது. ஆகவே 'ப' முதலில். படகம். நீங்கள் வாழ்நாளில் கேள்விப்படாத சொல்லாக இருந்தாலும் வேறு விடைக்கு இடமே இல்லை.

அப்படி ஒரு பறை உண்டா என்று அப்பா கேட்க மாட்டார், அவருக்கு நினைவு வந்திருக்கும். சிலப்பதிகார உரையில் அடியார்க்குநல்லார் தோற்கருவிகளை அடுக்கும் இடத்தில் பேரிகைக்கு அடுத்து நிற்பது படகம்தான்.

மொழிமுதல் (சொல்லின் முதலில் வரும் எழுத்துகள்), மொழியிறுதி (கடைசியில் வருபவை), மெய்ம்மயக்கம் (எந்த மெய்க்குப் பின் எது வரும்) மூன்றையும் கட்டத்தின் ஓரத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 'ங்' விழுந்தால் அடுத்த கட்டம் ககர வரிசை. 'ந்' விழுந்தால் அநேகமாகத் தகர வரிசை. 'த்' விழுந்தால் தகரமேதான். சக்தி, சப்தம் போன்ற வடசொற்கள் இந்த ஒழுங்கை மீறும், அதை மட்டும் நினைவில் வைத்தால் போதும்.

இன்னொன்று. வீட்டில் சூடாமணி நிகண்டு இருந்தால் பதினோராம் தொகுதியை எடுத்து வையுங்கள். ஒருசொற் பல்பொருட் பெயர்த் தொகுதி. அது முதலெழுத்து வரிசையில் இல்லை, எதுகை வரிசையில் இருக்கிறது. மனப்பாடத்துக்காகச் செய்த ஏற்பாடு. ஆனால் கட்டத்தில் முதலெழுத்து தெரியாமல் இரண்டாம் எழுத்து மட்டும் கிடைத்துத் தவிக்கும்போது அதைவிடச் சிறந்த அகராதி கிடையாது. அச்சிட்ட தமிழ் லெக்சிகனில் இரண்டாம் எழுத்தை வைத்துத் தேட முடியாது.

(3 குறுக்கு: ஆரம், அதற்குள் கா. ஆகாரம்.)

நாலாம் கட்டம் (பதில்)

விளக்கம் அருமை. ஆனால் படகம் பற்றி எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. புதிர் அமைப்பவர் இன்று புழங்கும் சொற்களுக்குள் நிற்க வேண்டும் என்பது என் கட்சி. நான் அலுவலகத்தில் மதிய உணவு இடைவேளையில் நண்பர்கள் மூவரோடு புதிர் போடுகிறவன். படகம் என்று விடை வந்தால் எங்களுக்கு வென்ற உணர்வு வராது. "அப்படியா" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போவோம். 'நகரம் குழம்பினால் பாவிகள் சேரும் இடம் (4)' என்று ஒரு குறிப்பு பார்த்தேன். நரகம். எல்லோருக்கும் தெரிந்த இரண்டு சொற்கள், ஒரே நான்கு எழுத்துகள், விடை வந்ததும் மேசையைத் தட்டினோம். அந்த மின்னல் அரிய சொல்லில் வராது.

ஆகாரம் எனக்குப் பிடித்திருக்கிறது. சொல் எளிது, மறைவு கடினம். அப்படித்தான் இருக்க வேண்டும்.

பழைய அச்சுக்கோப்பாளர்

நீங்கள் சொல்வதில் பாதி எனக்குச் சம்மதம். அரிய சொல்லை விடையாக வைப்பவர் வழியை எளிதாக்கித் தர வேண்டும். எளிய சொல் என்றால் வழியைக் கடினமாக்கலாம். இரண்டையும் கடினமாக்கினால் அது அநியாயம். 'கபடம் கலைய' என்பதில் நான்கு எழுத்தும் கண்முன் இருக்கிறது. ஆகவே அது நியாயமான குறிப்பு.

மறு பாதியில் உடன்பட முடியவில்லை. நாம் புழங்காத சொற்கள் இப்படி ஏதாவது ஒரு வாசல் வழியாகத்தானே உள்ளே வர முடியும்? மரை என்ற மானை இந்தப் பெண்மணி எந்தப் பாடநூலிலும் கற்கவில்லை, ஒரு மூன்று கட்டத்தில் கற்றார். அதை இனி அவர் மறக்க மாட்டார்.

வடமராட்சி வாசகர் (பதில்)

அக்கா, உங்கள் மூன்றாவது கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. குடகு என்பதைத் தாளில் எழுதி வலமிருந்து இடமாகப் படியுங்கள். கு, ட, கு. எந்தப் பக்கத்திலிருந்து போனாலும் குடகுதான். அப்பா காதால் கேட்டதால் இது பிடிபடாமல் போயிருக்கும். கவரியில் காது வென்றது, குடகில் கண் வேண்டியிருந்தது.

எங்கள் பக்கத்திலும் இப்படி ஒரு சொல் இருக்கிறது. கடிதத்தின் தலையில் நீங்கள் தேதி என்று எழுதும் இடத்தில் நாங்கள் திகதி என்று எழுதுவோம். 'போனாலும் வந்தாலும் அதே நாள், யாழ்ப்பாணத்தில் (3)' என்று நான் ஒருமுறை குறிப்பு எழுதினேன். தமிழ்நாட்டு நண்பர்கள் மூவர் தோற்றார்கள், என் அம்மம்மா அரை நிமிடத்தில் சொன்னார்.

மாலைமாற்று என்று நம் இலக்கணம் இதற்குப் பெயர் வைத்திருப்பது அப்பாவுக்குத் தெரிந்திருக்கும். சம்பந்தர் சீர்காழி மீது ஒரு பதிகம் முழுவதையும் அப்படியே பாடியிருக்கிறார். ஒவ்வொரு பாட்டும் கடைசி எழுத்திலிருந்து திருப்பிப் படித்தாலும் அதே பாட்டு. ஒரு சொல்லைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வாரம் பிடிக்கிறது.

உறையூர் மகள்

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு எல்லாப் பதில்களையும் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். ஆகாரத்தை நான் சொல்லவில்லை. "கழுத்தில் போடுவதும் மாலைதான்" என்ற வரி வந்ததும் அப்பாவே "ஆரம், ஆகாரம்" என்று சொல்லிவிட்டுத் தொடையில் அடித்துக்கொண்டார். எற்பாடு வரைக்கும் போனவர், பூமாலையை நினைக்கவில்லையே என்று அவருக்கு வருத்தம்.

அட்டைத் துண்டுகளை நான் வெட்டவில்லை, அம்மா வெட்டினார். பழைய கல்யாணப் பத்திரிகைகளின் பின்பக்கம். ஒவ்வொன்றிலும் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் எழுத்து. அப்பா முகத்தருகே கொண்டுபோய்ப் பார்த்து, க, ப, ட, ம் என்று மேசையில் நகர்த்தி நகர்த்தி வைத்தார். படகம் என்று வந்ததும் பேரிகை படகம் என்று உரை வரியைச் சொன்னார். 34 ஆண்டு பாடம் நடத்தியும் அந்தச் சொல் தனக்கு ஒரு பட்டியலில் இருக்கும் பெயராக மட்டுமே இருந்தது என்றார். குடகு என்ற துண்டுகளை மூன்று முறை திருப்பி வைத்துப் பார்த்தார்.

பிறகு அவர் சொன்னது: "இதையெல்லாம் நான் சொல்லணி என்று பாடம் எடுத்தேன். பிள்ளைகள் தூங்கினார்கள். காவிரி என்ற சொல்லில் நடு எழுத்தை எடுத்தால் காரி, முதலெழுத்தை எடுத்தால் விரி. தண்டியலங்கார உரை இதைத் திரிபாகி என்கிறது. அன்றைக்குக் கரும்பலகையில் நாலு கட்டம் போட்டு, கண்டுபிடி என்று விட்டிருக்க வேண்டும்."

காலையில் என்னை எழுப்பியது அப்பாவின் குரல். இரவெல்லாம் யோசித்து ஒரு குறிப்பு அமைத்திருக்கிறார். எழுதிக்கொள், அந்த நண்பர்களுக்கு அனுப்பு என்றார்:

'வா என்றதும் போர். வென்றதும் தோற்றதும் இதுவே (4)'

இரண்டாம் எழுத்து 'ர' என்று சொல்லச் சொன்னார், நிகண்டு பார்க்கிறவர்களுக்காக. நாங்கள் எந்த ஊரில் இருக்கிறோம் என்பதையும் நினைவூட்டச் சொன்னார்.

நாலாம் கட்டம்

மதிய இடைவேளையில் நால்வரும் உட்கார்ந்தோம். ரணகளம் என்ற சொல்லிலிருந்து ரணம் போர் என்று பிடித்துவிட்டோம். வா, ரணம். வாரணம். ஆண்டாள் பாசுரத்தால் யானை எல்லோருக்கும் தெரியும். ஆனால் யானை வென்றதா தோற்றதா, எப்படி இரண்டும் ஆகும் என்று பத்து நிமிடம் தலையைப் பிய்த்துக்கொண்டோம். உறையூரை வைத்துத் தேடியபோது கிடைத்தது: அந்த ஊருக்குக் கோழி என்று ஒரு பழைய பெயர், யானையைக் கோழி எதிர்த்து வென்ற இடம் என்பதால். வாரணம் என்றால் கோழியும்தான். சிலப்பதிகாரத்தில் நாடுகாண் காதை முடியும் இடத்தில், முறம்போன்ற செவியுடைய வாரணத்தைச் சிறகுடைய வாரணம் வென்றது என்று அடுத்தடுத்த அடிகளில் இரண்டும் நிற்கின்றன.

மேசையைத் தட்டினோம் என்று ஐயாவிடம் சொல்லுங்கள். அரிய சொல்லில் மின்னல் வராது என்று எழுதியதை நான் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

உறையூர் மகள்

சொல்லிவிட்டேன். "இரண்டு அடியையும் முழுதாகச் சொன்னார்களா?" என்று கேட்டார். அடுத்த குறிப்புக்கு அம்மா இன்னும் இருபது துண்டு வெட்டிக்கொண்டிருக்கிறார்.